தனியாக எழுதி, பாடி, வெளியிடுவது எப்படி: சத்தம் குறைந்த பாட்டுக்காரர்களுக்கு

சினிமாவுக்கு எழுதாமல், பேண்டும் இல்லாமல், ஒரு கிட்டாரையும் சொந்த மனக்குடைச்சலையும் மட்டும் வைத்துக்கொண்டு தமிழில் பாட்டு எழுதிப் பாட வேண்டும், அதையும் வருடக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வைரல் ஆவது எப்படி என்று தேடி வந்திருந்தால் மன்னிக்கவும், எனக்குத் தெரியாது. பகலில் அலுவலகம், ராத்திரியில் பாட்டு என்று சென்னையில் ஒன்பது வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: இந்த மாதிரிப் பாட்டு மெதுவாகத்தான் ஆட்களிடம் போய்ச் சேரும், அதுவரை நாம் கடனாளி ஆகாமலும் பாட்டு நம் கையைவிட்டுப் போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் நிக் டிரேக் என்று கிட்டாரோடு பாடும் பாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். 1969-லிருந்து 1972-க்குள் மூன்று ஆல்பம் போட்டார். அவர் உயிரோடு இருந்தவரை எதுவும் சில ஆயிரம் பிரதிகளைத் தாண்டவில்லை. 1974-ல் 26 வயதில் இறந்துபோனார். கால் நூற்றாண்டு கழித்து ஒரு ஃபோக்ஸ்வாகன் கார் விளம்பரத்தில் அவருடைய பாட்டு ஒன்று வந்தது, அதற்கப்புறம்தான் அந்த ரெக்கார்டுகள் உண்மையில் விற்கத் தொடங்கின. இதைச் சோகக் காவியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருடைய மனச்சோர்வைக் காட்டி ‘கஷ்டப்பட்டால்தான் கலை வரும்’ என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுங்கள். நான் பார்ப்பது வெறும் கணக்கு வழக்கை. பாட்டு 25 வருடம் தூங்கிவிட்டும் எழுந்து உட்காரும், அன்றைக்குக் காகிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

காகிதத்துக்கு அப்புறம் வருகிறேன், முதலில் பாட்டு.

எழுதும்போது

பாட்டெழுதச் சொல்லித்தரும் ஆங்கில வீடியோக்கள் எல்லாம் வரியின் கடைசியில் ரைம் வை என்று சொல்லும். தமிழில் அது மலிவுச் சரக்கு. வினைச்சொல் கடைசியில் வந்து உட்காரும் மொழி இது. போகிறேன், வருகிறேன், பார்க்கிறேன், அழுகிறேன் என்று நாள் முழுக்க அடுக்கலாம், கேட்கிறவருக்கு மூன்றாவது வரியிலேயே கொட்டாவி வந்துவிடும். நம் காது பழகியிருப்பது தொடக்கத்தில் விழும் மோனைக்கும், இரண்டாம் எழுத்து ஒத்துப்போகும் எதுகைக்கும்தான். அதனால் வரியின் தலையில் வேலை செய்யுங்கள், வாலை விட்டுவிடுங்கள். வினைச்சொல்லைக் கடைசியிலிருந்து தூக்கி முன்னால் போட்டுப் பாருங்கள். ‘வந்துட்டேன் நேத்தே’ என்று பேச்சில் சொல்கிறோம் இல்லையா, அந்த வரிசை பாட்டில் போட்டால் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும்.

அடுத்து குறில் நெடில். பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் எதற்கு என்று இருந்தது, இப்போது இதுதான் எனக்குச் சோறு போடுகிறது (போடவில்லை, ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்). மெட்டில் நீளமாக நிற்கும் இடத்தில் குறிலை வைத்தால் பொருளே மாறிவிடும். ‘விடு’வை இழுத்தால் ‘வீடு’. ‘கல்’ காலாகிவிடும், ‘மலை’ மாலையாகிவிடும். என்னை விடு என்று உருகிப் பாடுகிறவர், நீட்டிய ஒரு ஸ்வரத்தில் வீட்டு புரோக்கராகிவிடுவார்.

என் பாட்டு ஒன்றில் அப்பாவின் பச்சை சைக்கிள் வரும். அந்த முதல் எழுத்து விழும் இடத்தில் மெட்டு மூன்று தட்டு நிற்கிறது. ‘ப’ மேல் நின்று இழுத்தால் ‘பாச்சை சைக்கிள்’ என்று கேட்டது. அப்பாவுக்குப் பதிலாகப் பீரோவில் போடும் பாச்சை உருண்டைதான் ஞாபகம் வந்தது. இழுக்காமல் ‘பச்’ என்று வெட்டினால் விக்கல் மாதிரி இருந்தது. மெட்டை மாற்றினால் பாட்டே சரிந்துவிடும். இரண்டு மாதம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, டெமோவில் பாச்சையாகவே பாடிவைத்துவிட்டேன்.

இதைத் தவிர்க்க நான் இப்போது செய்வது: வரியை முதலில் பாடாமல், ஒருவரிடம் சொல்கிற மாதிரி மொபைலில் பேசிப் பதிவு செய்வேன். எங்கே குரல் தானாக நீள்கிறது, எங்கே ஏறுகிறது என்று இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டு அதன் மேல் மெட்டைக் கட்டுவேன். சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும், தத்தகாரத்தை (‘தன்னன்னா’ மாதிரி வெற்று ஒலிகளை) வைத்துக்கொண்டு வரியை அடைப்பார்கள், அது வேறு திறமை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சொந்தமாகச் சொல்ல ஒன்று இருக்கும்போது பேச்சிலிருந்து தொடங்கினால் பொய் குறைவாக வருகிறது.

இன்னொரு விஷயம், வலி, தனிமை, மௌனம். இந்த மூன்று சொல்லும் இல்லாமல் பாட்டை முடிக்க முடியவில்லை என்றால் அது இன்னும் பழுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தனிமை என்று எழுதுவதற்குப் பதில் ஒரு டம்ளர் காபி மட்டும் போடும் அளவுக்குப் பாலை அளந்து ஊற்றும் கையை எழுதலாம். ஆள் பெயரைப் போடாதீர்கள். அகப்பாடல்களில் தலைவன் தலைவி பெயரைச் சொல்லக் கூடாது என்று நம் ஆட்கள் எப்போதோ விதி வைத்துவிட்டார்கள், அது ஒழுக்கத்துக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெயர் வந்தால் அது உங்கள் கதையாக நின்றுவிடும். பெயர் இல்லாவிட்டால் கேட்கிறவர் தன் ஆளை அங்கே உட்கார வைத்துக்கொள்வார்.

பதிவு செய்யும்போது

ஸ்டுடியோவுக்கு மணிக்கணக்கில் காசு கட்டிக்கொண்டே மெதுவான பாட்டைப் பாட முடியாது, கண் கடிகாரத்துக்குப் போய்விடும். வீட்டில் செய்யுங்கள். கண்டென்சர் மைக்தான் நல்லது என்று கடையில் சொல்வார்கள், கேட்காதீர்கள். அது வெளிச்சத்தம் புகாத அறைக்கு நல்லது. நம் வீட்டுச் சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் எதிரொலி, தெருவில் போகும் ஆட்டோ, மேல்வீட்டு மிக்ஸி எல்லாவற்றையும் பொறுக்கிக் கொண்டுவந்து கொட்டிவிடும். எஸ்எம்58 மாதிரி ஒரு டைனமிக் மைக், மைக்கைக் கணினியோடு இணைக்க இரண்டு இன்புட் இருக்கும் சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ், இரண்டும் சேர்ந்து இருபது முப்பதாயிரத்துக்குள் முடிந்துவிடும். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு அப்புறம் காசு கொடுக்கலாம். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதைப் பார்த்துப் பாடுங்கள், முதுகுக்குப் பின்னால் மெத்தையை நிமிர்த்திச் சாத்துங்கள். அவ்வளவுதான் அக்கூஸ்டிக் ட்ரீட்மென்ட்.

கிட்டாரின் நடுத்துளைக்கு நேராக மைக் வைத்தால் பானைக்குள் பேசுவது போல ‘பூம்’ என்று வரும். பன்னிரண்டாவது ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோகக் கோடு) பக்கம் ஒரு சாண் தள்ளி வைத்துப் பாருங்கள். குரலையும் கிட்டாரையும் தனித்தனியாக எடுத்தால் பின்னால் சரிசெய்ய வசதி, ஆனால் எனக்கு ஒன்றாகப் பாடி எடுப்பதுதான் பிடிக்கும். மூச்சு வாங்கும் இடத்தில் கையும் தயங்கும், அந்தத் தயக்கம் தனித்தனியாக எடுத்தால் போய்விடுகிறது.

சென்னையில் பெரிய எதிரி மின்விசிறி. அதை நிறுத்தாமல் எடுக்க முடியாது, நிறுத்தினால் மே மாதத்தில் இரண்டாவது டேக்குக்குள் வியர்வை கிட்டார் மேல் சொட்டும். நான் ராத்திரி இரண்டு மணிக்கு மேல் எடுப்பேன். ஃபிரிட்ஜை அணைத்துவிடுவேன், மறக்காமல் இருக்க வீட்டுச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவேன், காலையில் கிளம்பும்போது சாவி தேடிப் போனால் ஃபிரிட்ஜ் ஞாபகம் வந்துவிடும். ஒரு நாள் நாலு டேக் வீணாகி ஐந்தாவது ஒழுங்காக வந்தது, கடைசி வரி முடிந்து கம்பி அதிர்ந்து அடங்கும் நேரத்தில் பல்லி சொன்னது. அப்படியே வைத்துவிட்டேன். அந்தப் பாட்டைப் பற்றி எனக்கு வந்த செய்திகளில் பாதி பல்லியைப் பற்றியதுதான்.

ஈரக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், கிட்டாரின் மேல்பலகை லேசாக உப்பும், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். மாஸ்டரிங் (வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் சீராக்குவது) செய்பவரிடம் சத்தத்தை அமுக்கி ஏற்ற வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடும், அதைவிடச் சத்தமாக அனுப்பினால் அவர்களே குறைத்துவிடுவார்கள். அமுக்கியதில் நாம் இழந்த ஏற்ற இறக்கம் இழந்ததுதான்.

காகிதம்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக உங்களுக்குக் கை அரிக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நம் நாட்டுச் சட்டப்படி ஒரு பாட்டுக்குள் மூன்று சொத்து இருக்கிறது. வரி ஒன்று, மெட்டு ஒன்று, அந்த ஒலிப்பதிவு ஒன்று. மூன்றுக்கும் தனித்தனி உரிமை. வரிக்கும் மெட்டுக்கும் எழுதியவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும், ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டும். நீங்களே எழுதி, மெட்டமைத்து, உங்கள் செலவில் பதிவு செய்தால் மூன்றும் உங்களுடையது, எங்கும் பதிவு செய்யாவிட்டாலும் உங்களுடையதுதான். பதிப்புரிமை (காப்பிரைட்) அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம் இல்லை, ஆனால் நாளைக்கு வழக்கு வம்பு என்றால் கையில் சான்று இருக்கும். வரிக்கும் மெட்டுக்கும் தலா 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2000.

1957-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1994-ல் திருத்தினார்கள், அதில் நம்மை மாதிரி ஆட்களுக்கு நல்லது சில உண்டு. உரிமையை எழுதிக்கொடுக்கும் காகிதத்தில் எத்தனை வருடத்துக்கு என்று போடவில்லை என்றால் ஐந்து வருடம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், எந்த இடத்துக்கு என்று போடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். அதனால்தான் கம்பெனிக்காரர்கள் ‘நிரந்தரமாக, பிரபஞ்சம் முழுவதும்’ என்று மறக்காமல் எழுதுவார்கள். சிரிக்காதீர்கள், உண்மையிலேயே பிரபஞ்சம் என்றுதான் இருக்கும், செவ்வாய் கிரகத்தில் உங்கள் பாட்டு ஓடினாலும் அவர்களுக்குத்தான். அந்த வரியை அடித்துவிட்டு மூன்று வருடம், ஐந்து வருடம் என்று கேளுங்கள். கேட்டால் கோபப்பட மாட்டார்கள், கோபப்பட்டால் அதுவே பதில்.

பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் வரும் ராயல்டியை வசூலித்துத் தருவது ஐபிஆர்எஸ் (இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி). 1969-ல் தொடங்கியது. வெளியான பாட்டின் விவரங்களோடு உறுப்பினராக விண்ணப்பிக்கலாம். ஸ்பாட்டிஃபை போன்றவற்றில் பாட்டை ஏற்றித்தரும் டிஸ்ட்ரிபியூட்டர் மூலம் வருவது ஒலிப்பதிவுக்கான காசு, ஐபிஆர்எஸ் தருவது வரிக்கும் மெட்டுக்குமானது, இரண்டும் வேறு. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றது இருப்பதே தெரியாமல் இருப்பவர்கள் நிறைய.

நண்பர்களோடு சேர்ந்து செய்யும்போதுதான் உண்மையான சிக்கல் வரும். மெட்டில் ஒருவர் ஒரு திருப்பம் சொல்லியிருப்பார், இன்னொருவர் வயலின் வாசித்திருப்பார். பாட்டு முடிந்த அன்றைக்கே, டீ குடித்துக்கொண்டே, யாருக்கு எத்தனை சதவீதம், யாருக்குச் சம்பளம் மட்டும் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஸ்ப்ளிட் ஷீட் என்பார்கள், அரைப் பக்கம் போதும். பாட்டு ஓடாதபோது இதை எழுதுவது சுலபம், ஓடின பிறகு எழுத உட்கார்ந்தால் நட்பு போகும். எனக்கு ஒன்று போனது.

வெளியிடும்போது

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்றவற்றுக்கு நேராகப் பாட்டு அனுப்ப முடியாது, நடுவில் டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டும். டிஸ்ட்ரோகிட் வருடச் சந்தா வாங்கிக்கொண்டு எத்தனை பாட்டு வேண்டுமானாலும் ஏற்றும், ஆனால் சந்தாவை நிறுத்தினால் பாட்டு இறங்கிவிடும், இறங்காமல் இருக்கத் தனியாகக் காசு கட்ட வேண்டும். சிடி பேபி ஒருமுறைக் கட்டணமும் வருமானத்தில் 9 சதவீதமும் எடுக்கும். ரூட்நோட்டில் கட்டணமே இல்லாமல் 15 சதவீதப் பங்கு கொடுத்தும் போடலாம். வருடத்துக்கு இரண்டு பாட்டு போடுகிற மெதுவான ஆளுக்குச் சந்தா முறை சரிவராது என்பது என் கணக்கு. தூங்கும் பாட்டுக்கு வருடா வருடம் வாடகை கட்டுவது கஷ்டம்.

பெயர் விஷயத்தில் கவனம். உங்கள் பெயரிலோ பாட்டின் தலைப்பிலோ ழகரம் இருந்தால் அதை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதித் தேடுவார்கள். ஒரு எழுத்துக்கூட்டலை முடிவு செய்து இறுதிவரை மாற்றாதீர்கள், தமிழ் எழுத்திலும் தலைப்பைக் கொடுங்கள். உங்கள் பெயரில் ஏற்கெனவே வேறு ஒருவர் இருக்கிறாரா என்று தேடிவிட்டுப் போடுங்கள். என் முதல் பாட்டு பஞ்சாபிக்காரர் ஒருவருடைய பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது, அதைப் பிரித்து எடுக்க மூன்று வாரம் ஆனது, அந்த மூன்று வாரத்தில் வந்த கேட்பு அதற்கு அப்புறம் ஒரு வருடத்தில் வரவில்லை.

வெளியீட்டுத் தேதிக்கு நாலு வாரம் முன்னால் ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்குப் பாட்டை அறிமுகம் செய்ய அது வெளியாகும் முன்பே, குறைந்தது ஏழு நாள் முன்னால் விவரம் அனுப்ப வேண்டும், வெளியான பிறகு அந்தக் கதவு மூடிவிடும். 2024-லிருந்து இன்னொரு விதி: கடந்த 12 மாதத்தில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே ஒலிப்பதிவுக் காசு கிடையாது. நம்மை மாதிரி ஆட்களின் பாதிப் பாட்டு இந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும். பரவாயில்லை, ஆனால் அதை வைத்து வாடகை கட்டலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

அந்த ஆயிரத்தைக் காசு கொடுத்து வாங்கவும் போகாதீர்கள். ‘பிளேலிஸ்டில் போட்டுத் தருகிறோம்’ என்று வந்த ஒருவருக்கு நான் மூவாயிரம் ரூபாய் கொடுத்தேன். ஒரே ராத்திரியில் எண்ணிக்கை எகிறியது, எல்லாம் நான் கேள்விப்படாத ஒரே ஊரிலிருந்து. இரண்டு வாரத்தில் பாட்டையே எடுத்துவிட்டார்கள். அந்தப் பல்லிப் பாட்டுதான்.

மேடை

நிக் டிரேக் பாட்டுக்குப் பாட்டு கிட்டாரின் சுருதியை மாற்றுவார், மேடையில் அதை முறுக்கி முறுக்கிச் சரிசெய்யும் நீண்ட நேரத்தில் ஒரு வார்த்தை பேச மாட்டார், கூட்டம் சலசலக்கும். மேடையே வேண்டாம் என்று அவர் ஒதுங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். கூச்ச சுபாவம் மாறாது, ஆனால் பாட்டு வரிசையை மாற்றலாம். ஒரே சுருதிப் பாட்டுகளை அடுத்தடுத்து வையுங்கள். மாற்றியே ஆக வேண்டிய இடத்தில் சொல்ல ஒரு கதையை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு போங்கள்.

காபி ஷாப்பில் பாடினால் சரியாக உங்கள் மெல்லிய வரியில் கொட்டை அரைப்பார்கள். நான் இரண்டு தடவையோடு நிறுத்திவிட்டேன். நமக்குச் சரியான இடம் மொட்டை மாடி. பாய் விரித்து, நாலு மூலையில் கொசுவர்த்தி வைத்து, முப்பது பேர். தலைக்கு 200 ரூபாய் உண்டியலில் போட்டால் ஆறாயிரம், வயலின்காரருக்குக் கொடுத்தது போக மிச்சம் உங்களுக்கு. அந்தத் தொகை ஸ்ட்ரீமிங்கில் எனக்கு ஒரு வருடத்தில்கூட வந்ததில்லை. ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை, ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். கீழ்வீட்டுக்காரரை முதல் வரிசைக்கு அழைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வந்தவர்களிடம் போகும்போது வாட்ஸ்அப் எண்ணை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள், அடுத்த மாடிக் கச்சேரிக்கு ஆள் அதிலிருந்துதான் வருவார்கள்.

வேலையை விடாதீர்கள். விட்டவர்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன், ஆறு மாதத்தில் கல்யாண ரிசப்ஷனில் மற்றவர் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள், அதில் தவறு இல்லை, ஆனால் அதற்குப் பின் சொந்தமாக எழுத அவர்களுக்கு ராத்திரி மிஞ்சவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. பாட்டில் வருகிற ஆள் உயிரோடு இருந்தால், அல்லது அந்த ஆளை உங்களைப் போலவே தெரிந்த வேறு யாராவது இருந்தால், ஊருக்குப் போடும் முன் அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். பெயர் இல்லாவிட்டாலும் அவர்களுக்குத் தெரியும். வேண்டாம் என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள், பாட்டு ஒன்றும் செத்துவிடாது.

அப்பா பாட்டின் டெமோவை அக்காவிடம் போட்டுக் காட்ட எனக்கு மூன்று வாரம் தைரியம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது மொபைலை அடுப்பு மேடையில் வைத்து ஓடவிட்டேன். முழுதாகக் கேட்டாள், ஒன்றும் சொல்லவில்லை, வெங்காயத்தை வாணலியில் கொட்டினாள். அப்புறம் திரும்பாமலே, “அது பச்சை இல்லடா, நீலம். பச்சை உனக்கு அப்புறமா வாங்குனது,” என்றாள்.

அன்று ராத்திரி ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு மறுபடி பாடினேன். நீலம். ‘நீ’ நெடில், மூன்று தட்டும் தாராளமாக நின்றது.